புது ஆளுக்கு இடுப்பு வலி

புதிதாக வந்தவன் ஒரே நடையில் முப்பது செங்கல் சுமந்ததைப் பார்த்ததும் சித்தாள் அவன் வழியை மறித்தாள். மூன்றே நாளில் பத்துப் பேர் வேலையை முடித்திருந்தான். வாயைத் திறந்து ஒரு பேச்சு இல்லை.

"தம்பி, நீ இப்படி ஓடினா நாளைக்கு எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் வீட்டுல நாலு வயிறு இருக்கு. நான் செய்யற மாதிரி செய், பாரு."

எட்டுக் கல்லைத் தலையில் ஏற்றினாள். பாதி வழியில் நொண்டினாள், நின்றாள், இடுப்பைப் பிடித்தாள், நெற்றியை வழித்து உதறினாள், வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

அவன் கண் கொட்டாமல் பார்த்தான்.

மறுநாள் முதலாளி வந்தார். புதியவன் எட்டுக் கல்லோடு நொண்டிக்கொண்டே வந்து, நின்று, இடுப்பைப் பிடித்து, நெற்றியை வழித்து உதறினான்.

'கெட்டிக்காரன்!' சித்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

முதலாளி, கூட வந்த இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"மனுஷங்களைப் பார்த்துத் தானாவே கத்துக்கும்னு சொல்லித்தானேய்யா இந்த மெஷினை என் தலையில கட்டினே?"

"ஆமா சார்..."

"திருப்பி எடுத்துட்டுப் போ. எனக்கு இவங்களே போதும். இரும்புக்கு எப்படிய்யா இடுப்பு வலிக்கும்?"

புதியவன் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.