எதிர் வீட்டு வரலாறு

பழைய ஊர்களைச் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொன்ன தம்பதி, எதிரிலிருந்த நூற்றாண்டு வீட்டைப் படமெடுத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தார்கள்.

"வீட்டைக் கட்டினது யாருங்க?" என்றார் கணவர்.

"இப்ப இருக்கிறவங்களோட கொள்ளுத்தாத்தா" என்றார் கடைக்காரர்.

"இப்ப யாரு இருக்காங்க?"

"அம்மாவும் பையனும்தான். தங்கமான பையன்."

"சிகரெட் கிகரெட்டு உண்டா?" என்று மனைவி குறுக்கே கேட்டாள்.

"வாசனையே ஆகாது. காலையில அஞ்சுக்கெல்லாம் எழுந்துடுவான்."

தெருமுனை திரும்பியதும் அவள் மகளுக்குப் போன் செய்தாள். "நல்லா விசாரிச்சாச்சுடி. இந்த மாப்பிள்ளையையே முடிச்சிடலாம். நாங்க யாருன்னு மூச்சே விடலை."

கடைக்காரரும் போனை எடுத்தார். "அக்கா, பொண்ணைப் பெத்தவங்க வந்துட்டுப் போயாச்சு. நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒப்பிச்சிட்டேன். மணி பன்னண்டாகுது, உன் பையனை இனியாவது எழுப்பி விடு."