வரிசை எண் ஒன்று

"வாசல்லயே நில்லுங்க. மணி என்ன?"

வழுக்கைத் தலையைக் கைக்குட்டையால் துடைத்தபடி மாணவர் கதவோரம் நின்றார். "ஒன்பதே கால், மேடம்."

"வகுப்பு எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு. பஸ் லேட்டு."

அதட்டிய பிறகுதான் முதல்வரம்மாவுக்கு நிலைமை உறைத்தது. அந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு காலத்தில் நூற்றிருபது பேர் படித்தார்கள். பிறகு அறுபது, பதினேழு, நாலு. இந்த ஆண்டு சேர்ந்தது இந்த ஒருவர்தான். பாடம் நடத்துவது, மணி அடிப்பது, பெஞ்ச் துடைப்பது எல்லாமே முதல்வரம்மாதான். இருக்கிற ஒரு மாணவரும் போய்விட்டால் வாசலுக்குப் பூட்டு என்று மேலிடத்துக் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது.

ஆனாலும் வாத்தியார் புத்தி விடுமா?

"பாடக்குறிப்பு நோட்டு எங்கே?"

"எழுதலை."

"ஏன்?"

"எனக்கு வேற வேலையே இல்லையா? இந்த வயசுல படிக்க வந்தவனை வாசல்ல நிறுத்தி வெச்சுக் கேள்வி கேக்கறீங்க. நாளையிலேர்ந்து நான் வரலை, மேடம்."

முதல்வரம்மா மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கோவிச்சுக்காதீங்க சார். உக்காருங்க. நோட்டை நானே எழுதித் தர்றேன்."

"உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பாத்தாலே தெரிஞ்சுடும்."

"உங்களை மாதிரியே கிறுக்கிடறேன், போதுமா?"

மாணவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "படிக்கிறவங்க படற பாடு சொல்லித் தர்றவங்களுக்கு எங்க தெரியுது?"

"நல்லாத் தெரியும்" என்று முனகியபடி முதல்வரம்மா வருகைப் பதிவேட்டைத் திறந்தார். "வரிசை எண் ஒன்று."

"உள்ளேன் அம்மா."

பன்னிரண்டு அடித்ததும், மதியம் வேலை இருக்கிறது என்று மாணவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல்வரம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடத் திறக்காமல் அவருடைய நோட்டைக் கிறுக்கி முடித்தார். நிமிர்ந்து பார்த்தால் கடிகாரத்தில் இரண்டு.

வகுப்பைப் பூட்டினார். செருப்பு அறுந்துவிடும் போல ஓடினார். மூன்று தெரு தள்ளி இன்னொரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. மூச்சிரைக்கப் படியேறிக் கதவைத் தள்ளினார். அங்கே இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் ஒரே மாணவி அவர்தான்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வழுக்கைத் தலை மெல்லத் திரும்பியது.

"வாசல்லயே நில்லுங்க. மணி என்ன?"