துலக்கிய டிரம்பெட்

புளியைப் பிழிந்து இன்னொரு கை தேய்த்தான்.

டிரம்பெட்டின் வாயில் படிந்திருந்த பச்சைக் களிம்பு போய்விட்டது. வளைவுகளில் இருந்த கறுப்பும் போய்விட்டது. இனிமேல் தேய்த்தால் பித்தளைதான் தேயும்.

அவன் விடவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பேண்டு செட்டில் முதல் டிரம்பெட் அவன். பாட்டின் முதல் வரியை அவன் தனியாக ஊத வேண்டும். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே அவனுக்கு அந்த இடம்தான். வேறு இடத்தில் நின்றதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக வழிந்து சட்டையை நனைத்தது. முகவாதம் என்றார்கள். ஊசி போட்டாயிற்று. புறா ரத்தம் தடவியாயிற்று. கண் மூட வந்துவிட்டது. சிரிப்பும் முக்கால்வாசி வந்துவிட்டது.

உதடு வரவில்லை.

செட்டு நடத்தும் சூசையிடம் காய்ச்சல் என்றே சொல்லி வைத்திருந்தான். இரண்டு மாதக் காய்ச்சலை சூசை நம்பினாரோ இல்லையோ, நேற்று ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். நாளைக்கு வருகிறாயா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று.

வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

டிரம்பெட்டைத் துடைத்து உதட்டில் வைத்தான். ஊதினான்.

புஸ்ஸென்று காற்று இடது ஓரமாகப் போனது.

உள்ளே அழுக்கு. அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. இரண்டு மாதம் பரணில் கிடந்தால் அடைக்காதா? குழாய்களைக் கழற்றி வெந்நீரில் போட்டான். கயிற்றில் துணியைக் கட்டி உள்ளே விட்டு இழுத்தான். துணி கறுப்பாக வந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுபடி இழுத்தான். துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தான்.

மாட்டினான். ஊதினான்.

புஸ்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் ஆடத் தெரிந்தவன். இவன் ஊதிய ஊர்வலத்தில், சீர் குறைந்துவிட்டது என்று முறைத்துக்கொண்டு வந்த சம்பந்தியே துண்டைச் சுழற்றி ஆடியிருக்கிறார்.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி ரெஜினா வந்து நின்றாள். காலையிலிருந்து புளி டப்பா காலியாவதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. எலுமிச்சம்பழம் கேட்டான், கொடுத்தாள். செங்கல் பொடி கேட்டான், இடித்துக் கொடுத்தாள்.

இப்போது மெதுவாகச் சொன்னாள்.

“அடைப்பு அதுல இல்லங்க.”

அவன் நிமிரவில்லை. உதடு வைக்கிற மவுத்பீஸைத் தனியாக எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வாய் இன்னும் கோணும். அதனால் அழவில்லை.

பித்தளையில் அவன் முகம் தெரிந்தது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வளைந்த பித்தளையில் யார் முகமும் அப்படித்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டான். டிரம்பெட்டைக் கொஞ்சம் திருப்பினான். பின்னால் நின்ற ரெஜினாவின் முகம் தெரிந்தது.

அதுவும் கோணல்தான்.

கொஞ்சம் தெம்பு வந்தது. குளிக்கப் போனான்.

வெயில் தாழ்ந்ததும் கோயில் வாசலில் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எல்லோரும் கூடி நின்றார்கள். சூசை அவனைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு அவன் கையில் இருந்ததைப் பார்த்தார்.

ஊதுகிறவன் டிரம்பெட் முழுசாக மின்னாது. பிடிக்கிற இடத்தை வியர்வை தின்றிருக்கும். வாயோரம் கறுத்திருக்கும். இந்தத் தெருவில் ஊதி முடித்து அடுத்த தெருவுக்கு ஓடுகிறவனுக்குத் துலக்க ஏது நேரம்? பேண்டு செட்டில் தங்கம் மாதிரி மின்னுவதெல்லாம் டம்மிகள் வைத்திருப்பதுதான். கூட்டம் காட்டுவதற்காகக் கோட்டு மாட்டிக் கடைசி வரிசையில் நிறுத்தப்படுகிறவர்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு விரலை ஆட்டுவார்கள். சத்தம் வராது. கல்யாண வீட்டுக்கு அது தெரியவும் தெரியாது.

அவனுடையது அவர்களுடையதைவிட மின்னியது.

சூசை அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவன் உதட்டைப் பார்த்தார். ஊதிக் காட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பான்.

“நல்லா வெளக்கியிருக்கப்பா” என்றார்.

தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு போனார். முதல் வரிசையைத் தாண்டினார்கள். நடு வரிசையைத் தாண்டினார்கள். கடைசி வரிசையில் நிறுத்திய பிறகும் கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் முன்னால் போய்விட்டார்.

முதல் வரியை வேறு யாரோ ஊதினார்கள். இரண்டு இடத்தில் பிசிறு தட்டியது. கூட்டம் அதற்கும் விசில் அடித்தது.

அவன் கன்னத்தை உப்பப் பார்த்தான். காற்று நிற்கவில்லை. அதற்கும் உதடு வேண்டும்.

விரல்கள் மட்டும் பாட்டைப் பிடித்துக்கொண்டன. ஏற்றம், இறக்கம், நடுவில் வரும் அந்த இழுப்பு. ஓர் இடம் தப்பவில்லை.

பக்கத்தில் நின்றவன் பெயிண்டர். போன மாதம்தான் டம்மியாகச் சேர்ந்தவன். இவன் யாரென்று பெயிண்டருக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் இவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நடந்தான். பிறகு காதருகே குனிந்து, உதவுகிற குரலில் சொன்னான்.

“புதுசாண்ணே? இவ்வளவு அமுக்க வேணாம். சும்மா ஆட்டுனாப் போதும்.”

இவன் தலையாட்டினான்.

விரல்கள் கேட்கவில்லை.