சாத்தையா சொன்ன சொல்

பிளேடின் முனை மழுங்கிவிட்டது. நகத்தால் சுரண்டினார்.

கண்ணாடி மூடியில் சிவப்பு எழுத்துகள். முதலில் அவருடைய பெயர். அதன் கீழே, மூன்றாவது வார்டு உறுப்பினர். அதற்கும் கீழே, என்றும் மக்கள் பணியில்.

உள்ளே கிடத்துகிறவரின் முகத்துக்கு நேர் மேலே வரும்படி, அவரே பக்கத்தில் நின்று ஒட்டவைத்தது.

பெயர் உரிந்து வந்துவிட்டது. 'பணியில்' மட்டும் வர மறுத்தது.

தெருமுனையில் குட்டியானை வண்டி. பின்னால் ஐஸ் பெட்டி. அவருடைய வாடகைக் கடைப் பெட்டி; ஊரில் இருக்கிற ஒரே பெட்டி. பக்கத்து ஊர்ப் பெட்டிகள் இரண்டும் வேறு வீடுகளுக்குப் போயிருந்தன.

எட்டாவது வீட்டில் சாத்தையா இறந்து கிடக்கிறார். விடியற்காலையில் போன உயிர். சித்திரை வெயில் இப்போதே முதுகைச் சுட்டது. மகன் குவைத்தில். நாளை சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வந்து சேர்வான்.

சாத்தையாவின் மைத்துனர் கருப்பணன்தான் போனில் கூப்பிட்டார்.

"முக்குல கொண்டாந்து நிறுத்துங்க. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."

போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

வண்டியைச் சுற்றி நடந்தார். ஏறி உட்கார்ந்தார். இறங்கினார். முன் இருக்கையில் கிடந்த மாலைக்கு மறுபடியும் தண்ணீர் தெளித்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓட்டுப்பதிவு அன்று, இதே தெருவில் ஒரு சாவு. அந்தத் தேர்தலில் இவரை எதிர்த்து நின்றவர் சாத்தையா. இவர் வாடகை வேண்டாம் என்று சொல்லிப் பெட்டியை அனுப்பிவைத்தார். அந்த வீட்டில் பதினொரு ஓட்டு. பதினொரு பேரும் அழுத கண்ணோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

ஏழு ஓட்டில் ஜெயித்தார்.

கணக்குப் போட்டுச் செய்யவில்லை.

முதல் வருடம் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சாத்தையா டீக்கடையில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "பொணத்த வச்சு ஜெயிச்சவன். நான் செத்தா, நாறிப் போனாலும் சரி, அவன் பெட்டியில என்னைய வைக்கக் கூடாது."

ஊருக்கே தெரிந்த சொல்.

தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெரியவர் நின்று பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன கவுன்சிலரே, அடுத்த எலெக்சனுக்கு இப்பவே கெளம்பிட்டீகளா?"

மூடியில் மிச்சமிருந்த எழுத்தை மறுபடி சுரண்டினார். பெரியவர் சிரிக்கவில்லை.

கருப்பணன் வாசலில் வந்து நின்று கையைக் காட்டினார்.

நாலு பேராகத் தூக்கிப் போனார்கள். முன்னறையில் கூட்டம் விலகியது. ஐஸ் கட்டிகள் கரைந்து தரையெல்லாம் ஈரம். சாத்தையாவின் வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தலைமாட்டில் அவருடைய மனைவி ராக்காயி.

"மதினி," என்றார்.

அவள் நிமிரவில்லை. பெட்டியை மட்டும் பார்த்தாள்.

"கவுன்சிலரா வந்தீகளா, கடைக்காரரா வந்தீகளா?"

யாரும் அவரிடம் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. அவரும் பிரித்துப் பார்த்ததில்லை. கடையில் உட்கார்ந்துதான் ஊர்க்காரர்களின் மனுக்களில் கையெழுத்துப் போடுவார். மனுவோடு வருகிறவர்களிடமே பந்தலும் பேசி முடிப்பார்.

"கடைக்காரன், மதினி."

"அப்ப வாடகைக்குன்னு வச்சுட்டுப் போயிருங்க. மாலை கீலை போட வேணாம். நாளைக்குத் தூக்கும்போது முன்னால வந்து நிக்க வேணாம். கவுன்சிலர்னு ஒரு ஆளு இந்த வீட்டுப் படி ஏறல. எம்புள்ள அவுக மொகத்தப் பாக்கணும். அவுக சொன்ன சொல்ல என்னால இம்புட்டுத்தான் காப்பாத்த முடியும்."



"சரி, மதினி."

தலைப்பக்கம் கருப்பணன் பிடித்தார். கால் பக்கம் அவர். சாத்தையா இத்தனை லேசாக இருப்பார் என்று நினைக்கவில்லை.

வயரைச் செருகினார். மோட்டார் உறுமி, பிறகு சீரானது. மூடியை வைத்தார். கும்பிடக் கை தூக்கப் போனவர், அப்படியே சட்டைப் பையில் பேனாவைத் தேடுவதுபோல விட்டுவிட்டார்.

வெளியே வந்தார். வண்டியில் ஏறினார். சாவியைத் திருகவில்லை.

நாளை புதன்கிழமை.

புதன்கிழமை பராமரிப்பு வேலை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. நேற்று வார்டு வாட்ஸப் குழுவில் தன் படத்தோடு அதைப் போட்டதே அவர்தான்.

எட்டு மணி நேரம். இந்த வெயிலில்.

கடையின் ஜெனரேட்டர் திருவிழாவுக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. வர இன்னும் இரண்டு நாள்.

கவுன்சிலர் பேசுகிறேன் என்றால் போதும். முன்பு ஒரு கல்யாணத்துக்காக அப்படித் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஆனால் கரண்ட் ஆபீசில் தன் பெயரைச் சொன்னால், டீ வாங்க வருகிற ஆள் மூலமாகப் பத்து நிமிடத்தில் அது இந்தத் தெருவுக்கு வந்துவிடும்.

போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

அதிகாரியின் செல்லுக்கு அடித்தால் திரையில் தன் பெயர் தெரியும். ஆபீஸின் பழைய லேண்ட்லைன் எண்ணைத் தேடிப் போட்டார். நான்காவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"சார், நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கரண்ட்ட நிறுத்தாம இருக்கணும். தெருவுல ஒரு துக்கம். மகன் குவைத்துலருந்து வரணும்."

"அப்படியெல்லாம் நிறுத்தி வைக்க முடியாதுங்க. பெரிய ஆளுக யாராச்சும் சொன்னா அய்யாகிட்ட கேட்டுப் பாக்கலாம். நீங்க யாரு பேசுறது?"

கவுன்சிலர் என்பது வாய் வரைக்கும் வந்தது.

மறுமுனையில் ஒரு காகிதம் புரளும் சத்தம். பெயரை எழுதிக்கொள்ளக் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க, யாரு?"

"சாத்தையா வீட்டுலருந்து பேசுறோம்," என்றார்.