உருமிக்காரர் போட்ட புகார்

கேட்டைத் திறக்கப் பொறுமையில்லை ரூபனுக்கு. வேலியைத் தாண்டிக் குதித்தான்.

"பத்துமலை அண்ணே! வெளிய வாங்க!"

பத்துமலை வந்தார். ரூபன் வேலை பார்க்கும் ஜெலாப்பாங் பேக்டரியில் வாசலில் காவல் இருக்கும் கேட் ஜாகா அவர். லீவு நாளில் கல்யாண வீடுகளில் உருமி அடிப்பார். கையில் பாதி பாலிஷ் போட்ட பூட்ஸ்.

"வேலைக்குப் போகலயாடா?"

"எம்சி. முதுகு வலி. சனிக்கிழமையே டாக்டர் மூணு நாள் மெடிக்கல் லீவு குடுத்துட்டாரு. அதை விடுங்க. என் வீடியோ மேல காப்பிரைட் புகார் போட்டது நீங்களா?"

"ஆமா. மகளை விட்டுப் போட வச்சேன்."

"ஞாயித்துக்கிழமை என் மச்சான் கல்யாணத்துல எடுத்தது. ஒரே நாள்ல நாப்பதாயிரம் பேரு பார்த்தாங்கண்ணே! நேத்து சாயங்காலம் பார்த்தா வீடியோவே இல்ல!"

"என் உருமி. என் அடி. என்னைக் கேட்டியா?"

"அதுக்கு? ஏற்கெனவே சினிமாப் பாட்டு போட்டு ரெண்டு புகார் வாங்கிட்டேன். இது மூணாவது. ஏழு நாள்ல சேனலையே மூடிடுவாங்க. அஞ்சு வருஷ உழைப்புண்ணே!"

"ம்."

"என்ன ம்? பதில் எழுதிட்டேன், கேளுங்க." போனைப் பார்த்துப் படித்தான். "'புகார் கொடுத்தவர் பொறாமைக்காரர். நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. வீடியோவை உடனே திரும்பப் போடவும்.' அனுப்பட்டா?"

பத்துமலை பூட்ஸைக் கீழே வைத்தார்.

"நேத்து மூணு தடவை போன் அடிச்சேன். ஏன் எடுக்கல?"

"எம்சில இருக்கறப்ப பேக்டரி ஆளுங்க போனை எடுக்கறதில்ல."

"நல்ல ஆளுடா. நம்ம எச்.ஆர். பெட்ரீசியா நேத்து கேட்டுல காரை நிறுத்தினாங்க. 'அங்கிள், உங்க உருமி வீடியோ பார்த்தேன், சூப்பர்! மூணு நிமிஷம்தான் ஓடுச்சு, மீதியை வீட்டுக்குப் போய்ப் பார்க்கறேன்'னாங்க."

ரூபனுக்கு முகமெல்லாம் பல். "பார்த்தீங்களா! ஆபீஸ்காரங்களே ரசிக்கறாங்க. அதைப் போய்த் தூக்க வச்சிட்டீங்களே!"

"நாலாவது நிமிஷத்துல என்னடா இருக்கு?"

வீடியோ போனில் இருந்தது. ஓட்டிப் பார்த்தான்.

உருமி அதிருது. கூட்டம் விசில் அடிக்குது. நடுவில், எண்பது கிலோ மாப்பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து குத்தாட்டம் போடுகிறான் ஒருவன். கேமராவைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு இறங்கிய ரூபன்தான்!

ரூபன் எழுதி வைத்த பதிலை அழித்தான். 'பொய் சொன்னதில்லை' என்ற வரியை முதலில் அழித்தான்.

"அந்த நிமிஷத்தை வெட்டிட்டுப் புதுசாப் போடு. புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

"அண்ணே..."

"என்னடா அண்ணே? கிளம்பு. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு."

ரூபன் திரும்பினான். கால் பழக்கத்தில் வேலிப் பக்கமே போனது.

பின்னாலிருந்து பத்துமலை சிரித்துவிட்டார்.

"கேட்டு வழியாவே போடா. பாவம், முதுகு வலிக்கும்!"