கேட்டில் தொங்கிய பெயர்

கோயமுத்தூரிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்த அம்புரோஸுக்கு, திங்கட்கிழமை மகளின் பள்ளி திறப்பதற்குள் ஒரு வீடு கிடைத்தாக வேண்டும். நல்ல தெருக்களில் வாடகை சம்பளத்தையே விழுங்கியது. பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டுக்கொள்கிறவர் மட்டமான தெருவில் குடியிருந்தால் கௌரவம் என்னாவது? அந்தப் பரீட்சையில் அவர் தேறவில்லை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மாமனார் பெண் கொடுத்ததே அந்த இரண்டு எழுத்தை நம்பித்தான்.

கடைசியில் தாயம்மாள் என்ற வீட்டுக்காரப் பாட்டி தன் வீட்டைக் காட்டினாள். டாக்டரும் தாசில்தாரும் குடியிருக்கும் தெரு. வாடகையோ மற்ற வீடுகளில் பாதி.

"இவ்வளவு குறைவா? ஏதாவது வில்லங்கமா?" என்றார் அம்புரோஸ்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் வாக்கப்பட்டு வந்த காலத்துலயிருந்து கேட்டுல ஒரு பேர்ப்பலகை தொங்குது. கழட்டிப் போட்டா மறுநாள் தானா வந்து தொங்குது. அந்தப் பேருக்காரரே குடிவந்துட்டாத் தேவலைன்னு இருந்தேன். உங்க பேரைக் கேட்டதும் பாதியாக் கொறைச்சுட்டேனுங்க."

கேட்டில் இருந்த பலகை பாசி பிடித்திருந்தது. அம்புரோஸ் கைக்குட்டையால் துடைத்தார். 'எஸ். அம்புரோஸ், பி.ஏ. (தோல்வி)' என்று எழுதியிருந்தது.

கீழே படிக்கட்டில் மனைவி ஜெஸிந்தா மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள். கூடவே, புதிதாகப் படிக்கக் கற்றுக்கொண்டு, காலையிலிருந்து கடைத்தெருப் பலகைகளையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு வரும் மகள் லோயிஸ்.

அம்புரோஸ் பலகையைக் கழற்றப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"ஏனுங்க, கேட்டைப் புடிச்சுட்டு நிக்கறீங்க?" என்றாள் ஜெஸிந்தா.

லோயிஸ் அவருடைய புறங்கைகளில் தெரிந்த எழுத்துகளைப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். "பி... ஏ... தோ... ல்... வி. தோல்வின்னா என்னம்மா?"