பாயைத் தூக்கும் கை

நியாயம் தீர்க்கிற கடவுளே இரக்கமும் காட்டுகிறார் என்று வேதம் சொல்வது சியேனிக்கு இன்னும் பிடிபடவில்லை. மன்னித்துவிட்டால், செய்த தப்பு தப்பில்லை என்று ஆகிவிடாதா? குடும்பத் தலைவி அவள்தான். முடிவை அவள்தான் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வண்டியோட்டி அவள் மகனின் கால் எலும்பை முறித்த ஃபலானிகோ, விடிந்ததிலிருந்து வீட்டு வாசலில் மண்டியிட்டிருக்கிறான். தலைமேல் மெல்லிய பெரிய பாய் ஒன்றைப் போர்த்தியிருக்கிறான். பாதிக்கப்பட்ட வீட்டார் அந்தப் பாயைத் தூக்கினால் மன்னிப்பு என்பது அந்தத் தீவின் வழக்கம். முன்னால் விறகும் கற்களும் கிடக்கின்றன. வேண்டுமானால் என்னைக் கொன்று இந்த விறகை மூட்டி, சூடான கல்லில் சுட்டுவிடுங்கள் என்பதன் அடையாளமாக அவனே சுமந்துவந்தவை. சுவரில்லாத வீட்டின் தூண்களுக்கு இடையே உபோலு தீவின் வெயில் ஏறி, பாயின் ஓரத்துச் சிவப்பு இறகுகளில் மின்னுகிறது. அவன் மூச்சுக்கு ஏற்பப் பாய் மெல்ல ஏறி இறங்குகிறது.

“அக்கா, நீ பாயை எடுத்தே, ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும். அந்தக் கல்லுல ஒண்ணு எனக்குக் குடு,” என்று பல்லைக் கடிக்கிறான் தம்பி லாங்கி. “கல்லை யாருடா கொண்டாந்தா?” “அவன்தான்.” “தப்பே பண்ணலேன்னு நெனைக்கிறவன் கொண்டாருவானாடா?” லாங்கி விறகையே பார்க்கிறான். சியேனி படியிறங்கிப் போய்ப் பாயின் விளிம்பைப் பிடித்துத் தூக்குகிறாள். ஃபலானிகோவின் வியர்த்து வெளுத்த முகம் வெயிலில் கண் கூசிச் சுருங்குகிறது. அவளுக்கு இப்போது விளங்குகிறது: தப்பில்லாதவன் இந்தப் பாய்க்குள் வருவதில்லை; தீர்ப்பை ஒத்துக்கொண்டு வந்தவன்மேல் இருந்துதான் பாயைத் தூக்க முடியும்.